பலுக்கலைப் பழிக்கும் வகுப்பறை

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. முதலாண்டு இயற்பியல் வகுப்பு. விரிவுரையாளர் ஊர்ப்புறப் பள்ளியில் தமிழில் கற்றுத் தம் உழைப்பால் முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றவர். தம் துறையில் ஐயந்திரிபறத் தேர்ந்தவர். அவர் வாய் திறந்து ஆங்கிலத்தில் நான்கு சொற்றொடர் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மெல்லிய சிரிப்பொலி எழுகின்றது. நகரத்து ஆங்கிலப் பள்ளியில் பயின்று வந்த மாணவர் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்கின்றனர். அவர் சொன்ன சொல் ஒன்றை அவரைப்போலவே ஒருவன் மெல்லச் சொல்லிக் காட்டுகின்றான். அவர் கற்பித்தது என்ன என்பது அன்று மாலை ஒருவர்க்கும் நினைவில் இல்லை. அவர் எந்தச் சொல்லை எப்படிச் சொன்னார் என்பது மட்டும் விடுதியெங்கும் பரவிவிடுகின்றது.

அதே வகுப்பின் மற்றொரு பக்கத்தில், தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த மாணவர் முப்பது பேர் வாய் திறவாமல் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் சிரிக்கவில்லை, ஆனால் அவர்கட்கும் பாடம் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று எழுந்து சொல்லவும் துணிவில்லை. ஏனெனில் அதையும் ஆங்கிலத்திற் சொல்லல் வேண்டும். தம் ஆசிரியர்க்கே அந்தச் சிரிப்பு என்றால் தமக்கு எத்தகைய சிரிப்போ என்று அவர்கள் அஞ்சுகின்றனர்.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. அவர்கள் தமிழ்ப்பற்றுடைய மாணவர். ஆசிரியரின் ஆங்கிலம் இடறுந்தோறும் அவர்கள் உள்ளுக்குள் மகிழ்கின்றனர். ஆங்கிலம் தமிழன் நாவிற்குப் பொருந்தாது என்பதற்கு இஃதொரு சான்று என்று எண்ணுகின்றனர். இம்மூன்று கூட்டத்தாரில் மிகுதியும் திருந்த வேண்டியவர் யார் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

காது கேட்கின்றதா, கண் கேட்கின்றதா?

அயலார் பலுக்கலோடு ஆங்கிலம் பேசும் ஆசிரியரை மாணவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பது தமிழ்நாட்டிற்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஆங்கிலமே வீட்டுமொழியாக உள்ள அமெரிக்காவில் இது நெடுநாளாகப் பேசப்பட்டு வருகின்றது. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் கணக்கும் அறிவியலும் பொறியியலும் கற்பிக்கும் இளைய ஆசிரியர்களுள் சீனர், கொரியர், இந்தியர் மிகப் பலர், தமிழரும் உளர். இவர்தம் பேச்சு விளங்கவில்லை என்று மாணவரும் பெற்றோரும் முறையிட்டதன் விளைவாக, 1980களில் புளோரிடா, ஒகையோ, இல்லினாய் முதலிய மாநிலங்கள், பல்கலைக்கழக ஆசிரியரின் ஆங்கிலப் பேச்சுத் திறத்தை உறுதி செய்யுமாறு சட்டமே இயற்றின.

முறையீடு உண்மையானதா என்று ஆராய்ந்தவர் சார்சியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொனால்டு உரூபின் என்பவர். 1992-இல் வெளிவந்த அவர் ஆய்வு எளிமையானது. ஒகையோவில் வளர்ந்த, ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண்மணியின் விரிவுரையை அவர் பதிவு செய்தார். அப்பதிவை மாணவர்க்கு ஒலிபரப்புங்கால், பேசுபவர் இவரே என்று ஒரு நிழற்படத்தையும் காட்டினார். சிலர்க்குக் காட்டிய படத்தில் வெள்ளைக்காரப் பெண். வேறு சிலர்க்குக் காட்டிய படத்தில் ஆசியப் பெண். இரு சாரார் கேட்டதும் ஒரே குரல், ஒரே பலுக்கல், ஒரே பாடம். ஆயினும், ஆசியப் பெண்ணின் படத்தைப் பார்த்தவர்கள் தாம் கேட்ட குரலில் அயற்பலுக்கல் இருப்பதாகக் கூறினர். அதனினும் வியப்பு, பாடம் எவ்வளவு விளங்கியது என்று தேர்ந்து பார்த்தபோது அவர்கள் குறைவாகவே விளங்கிக் கொண்டிருந்தனர்.

இல்லாத பலுக்கலை அவர்கள் காதில் ஏற்றியது எது? கண். முகத்தைக் கண்டதும் உள்ளம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. காது அம்முடிவிற்கு அடிபணிந்தது. விளங்காது என்று முன்னரே முடிவு செய்தவர்க்கு விளங்காமலே போயிற்று.

பலுக்கலால் கேட்பவர்க்குச் சிறிதும் இடர் இல்லை என்று சொல்வது பொய்யாகும். பழகாத ஒலியைக் கேட்கும்போது காது சற்றுக் கூடுதலாக உழைக்கத்தான் வேண்டும். ஆனால் அவ்வுழைப்பு எவ்வளவு? அமெரிக்க ஆய்வாளர் கிளார்க்கு, காரெட்டு ஆகிய இருவர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, அயற்பலுக்கலைக் கேட்கத் தொடங்கிய ஒரு மணித்துளிக்குள்ளேயே கேட்பவரின் தடுமாற்றம் பெரிதும் குறைந்துவிடுவதைக் காட்டிற்று. அதற்கு முன்னரே, 1995-இல், கனடா நாட்டு ஆய்வாளர் மன்றோவும் தெர்விங்கும் மற்றோர் உண்மையை வெளியிட்டிருந்தனர். சீனர் பேசிய ஆங்கிலத் தொடர்களைக் கேட்டு ஒரு பிழையுமின்றி எழுதிக் காட்டியவர்களே, அத்தொடர்களிற் பலவற்றைக் 'கனத்த அயற்பலுக்கல் உடையவை' என்று மதிப்பிட்டனர். எனவே, பலுக்கல் வேறாயிருத்தல் என்பது ஒன்று; பேச்சு விளங்காதிருத்தல் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக முடிச்சிடுவது கேட்பவரின் உள்ளமே.

தன்னையே தாழ்த்தும் உள்ளம்

இனி, இதனினும் கசப்பான ஓர் உண்மை உண்டு. கனடாவின் மொந்திரியால் நகரில் வாலசு இலாம்பர்ட்டு என்னும் உளவியலறிஞரும் அவர் குழுவினரும் செய்து 1960-இல் வெளியிட்ட ஆய்வு அது. இருமொழியும் நன்கு பேசவல்லார் சிலரை ஒரே உரைப்பகுதியை ஒருமுறை ஆங்கிலத்திலும் மறுமுறை பிரெஞ்சிலும் படிக்கச் செய்து பதிந்தனர். பேசியவர் ஒருவரே என்று கேட்போர்க்குத் தெரிவிக்கவில்லை. குரலைமட்டும் கேட்டு, இவர் அறிவுடையரா, நம்பத்தக்கவரா, உயரமானவரா, தோற்றப் பொலிவுடையரா என்றெல்லாம் மதிப்பிடச் சொன்னார்கள்.

ஆங்கில மாணவர் ஆங்கிலக் குரலை உயர்த்தி மதிப்பிட்டதில் வியப்பில்லை. பிரெஞ்சு மாணவரும் ஆங்கிலக் குரலையே உயர்த்தி மதிப்பிட்டனர். அதுமட்டுமன்று, தம் சொந்தப் பிரெஞ்சுக் குரலை ஆங்கில மாணவர் தாழ்த்தியதைக் காட்டிலும், பல பண்புகளில், அவர்களே மிகுதியாகத் தாழ்த்தினர். அந்நாளில் அந்நகரில் வணிகமும் தொழிலும் உயர்பதவியும் ஆங்கிலத்தார் கையில் இருந்தன. ஆள்பவன் மொழியை ஆளப்படுபவனின் காது எவ்வாறு கேட்கின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டுமோ?

அந்தப் பிரெஞ்சு மாணவர்தாம் இன்றைய தமிழ் மாணவர். தமிழ் ஆசிரியரின் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பவன் இலண்டனில் பிறந்தவன் அல்லன். அவன் தாயும் தந்தையும் தமிழர். அவன் பாட்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. அவன் நாவிலும் தமிழ்ப் பலுக்கல் இருக்கின்றது. சற்றே குறைவாக இருக்கின்றது, அவ்வளவே.

அவன் சிரிப்பு, விளங்காமையால் எழுந்த சிரிப்பு அன்று. அமெரிக்காவில் பெந்து, பிராட்லோ ஆகிய இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, சீன, கொரிய மாணவரைக் கொண்டு செய்யப்பட்டது. தம் தாய்மொழியையே தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்திலும் தேர்ந்தவர் பேசும் ஆங்கிலம், ஆங்கிலேயர் பேசும் ஆங்கிலத்திற்கு நிகராகவே அம்மாணவர்க்கு விளங்கிற்று. இதனைத் தமிழர்க்குப் பொருத்திப் பார்த்தால், தமிழாசிரியரின் ஆங்கிலப் பலுக்கல் தமிழ் மாணவன் காதிற்கு இடரே அன்று. அப்படியாயின் அச்சிரிப்பு எதைக் குறிக்கின்றது? 'நான் உன்னைவிட ஒரு படி மேலே நிற்கின்றேன்' என்பதைக் குறிக்கின்றது. சாதி ஏணியைப் போன்றே மொழி ஏணியும் ஒன்று உண்டு. அதில் தனக்குக் கீழே ஒருவன் வேண்டும் என்று ஏங்குபவனே பலுக்கலைப் பார்த்துச் சிரிப்பான்.

பலுக்கல் என்பது இலக்கணம்

தமிழன் பேசும் ஆங்கிலத்தில் உள்ள பலுக்கலை ஊனம் என்று கருதுவார் தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்த்தல் நன்று. எழுத்துகள் எங்கெங்குப் பிறக்கின்றன என்பதைப் பிறப்பியலிலும், எவ்வெழுத்து சொல்லின் முதலில் வரும், எது இறுதியில் வரும் என்பதை மொழிமரபிலும் தொல்காப்பியர் வகுத்துள்ளார். தமிழ்ச்சொல் எதுவும் மெய்யெழுத்தைத் தனியாக முதலிற் கொண்டு தொடங்காது. எனவே, பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முன் தமிழன் நாவு தானே ஓர் இகரத்தைச் சேர்த்து 'இசுகூல்' என்கின்றது. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. எனவே 'புக்கு' என்றும் 'பேங்கு' என்றும் குற்றியலுகரம் வந்து ஒட்டிக்கொள்கின்றது. ஆங்கிலத்தார் மேற்பல்லின் ஈற்றில் நாவைத் தொட்டொலிக்கும் எழுத்திற்குத் தமிழில் நேர் எழுத்தில்லை. எனவே அதனைத் தமிழ்க் காது டகரமாகக் கேட்கின்றது. நாவு அண்ணத்தை வருடி ஒலிக்கின்றது. ஆங்கிலத்தில் சொல்லின் ஓர் அசை ஓங்கி மற்றவை மழுங்கும். தமிழிலோ ஒவ்வோர் எழுத்திற்கும் உரிய மாத்திரை உண்டு. மாத்திரை அளந்து பேசிப் பழகிய நாவு, ஆங்கிலத்தின் மழுங்கிய அசையையும் முழுமையாகவே ஒலிக்கும்.

இது சோம்பலும் அன்று, அறியாமையும் அன்று. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய ஓர் இலக்கணம், அதைப் படித்தறியாதவன் நாவிலும் உயிரோடு இயங்குகின்றது என்பதே இதன் பொருள். வடசொல்லும் தமிழுக்குள் வருங்கால் தன் எழுத்தைக் களைந்து தமிழெழுத்தை உடுத்தே வரல் வேண்டும் என்று எச்சவியலில் வரையறுத்தவர் தொல்காப்பியர். அவ்வரையறை இன்றும் தமிழன் வாயில் நின்று நிலைபெற்றிருக்கின்றது.

ஆங்கிலேயர் என்ன செய்தனர்? 'தமிழ்' என்னும் பெயரையே 'டமில்' என்றனர். திருவல்லிக்கேணி 'டிரிப்ளிகேன்' ஆயிற்று. தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆயிற்று. எழும்பூர் 'எக்மோர்' ஆயிற்று. ழகரம் வராத நாவைப் பார்த்து ஒருவரும் நகைக்கவில்லை. அந்நாவின் பிழை நாட்டின் நிலப்படத்திலும் தொடர்வண்டி நிலையப் பலகையிலும் ஏறிற்று. விடுதலை பெற்று எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 2020 சூன் திங்களில், தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழொலிப்பிற்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத ஆணையிட்டது. அதன் எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கண்டனம் எழவே, சில நாள்களுக்குள் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. ஆள்பவன் தவறாகப் பலுக்கினால் அது பெயராகின்றது. ஆளப்படுபவன் வேறாகப் பலுக்கினால் அது நகைப்பாகின்றது. வேறுபாடு நாவில் இல்லை, அதிகாரத்தில் இருக்கின்றது.

சிரிப்பிற்குக் கொடுக்கும் விலை

அச்சிரிப்பு ஆசிரியரை என்ன செய்கின்றது? முதலில் அவர் வினாக்களைத் தவிர்க்கின்றார். வினாவிற்கு விடை சொல்ல எழுதாத ஆங்கிலம் பேசவேண்டும் அன்றோ? பின்னர் எடுத்துக்காட்டுகளைத் தவிர்க்கின்றார். எடுத்துக்காட்டு வாழ்க்கையிலிருந்து வருவது, அவர் வாழ்க்கையோ தமிழில் இருப்பது. இறுதியில் குறிப்பேட்டைத் திறந்து, எழுதிக் கொள்ளுங்கள் என்று சொல்லிப் படிக்கத் தொடங்குகின்றார். எழுதி வைத்ததைப் படித்தால் பிழை வராது. நாற்பது ஆண்டு பணியாற்ற வேண்டிய ஓர் அறிஞர் படிகருவியாக மாறிவிடுகின்றார்.

வகுப்பு முடிந்து தாழ்வாரத்தில் நடக்கும்போது, ஊர்ப்புறத்து மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி அருகில் வந்து, "ஐயா, வெப்பம் ஏன் ஒரு பக்கமாகவே போகிறது? விளங்கவில்லை" என்கின்றான். அவர் நின்றுவிடுகின்றார். சூடான பாலை ஒரு குவளையில் ஊற்றி வைத்தால் அது ஆறும். ஆறிய பால் தானே சூடேறுவதை யாரேனும் கண்டதுண்டா என்று தொடங்கிப் பத்து மணித்துளியில் அப்பாடம் முழுவதையும் தமிழில் விளக்கிவிடுகின்றார். கை அசைகின்றது, கண் ஒளிர்கின்றது. மாணவன் முகமும் மலர்கின்றது. வகுப்பில் ஒரு மணிநேரத்தில் நடவாத கல்வி தாழ்வாரத்தில் பத்து மணித்துளியில் நடந்தேறியது. கல்லூரி என்பது தாழ்வாரத்திலும், வகுப்பறை என்பது வெறும் சடங்கிலும் நடக்கும் நிலையை என்னென்பது!

அம்மாணவன் வாயடைத்து நின்றது ஆசிரியரின் பலுக்கலால் அன்று, ஆங்கிலத்தால். அவர் ஆங்கிலேயரைப் போன்றே பலுக்கியிருந்தால் அவனுக்கு இன்னும் குறைவாகவே விளங்கியிருக்கும். எனவே, ஆசிரியர்க்குப் பலுக்கற் பயிற்சி அளித்தால் கல்வி செழிக்கும் என்று கல்லூரி ஆட்சியர் எண்ணுவது, காலில் தைத்த முள்ளை விட்டுச் செருப்பை மெருகிடுவது போன்றதாகும்.

செய்யத் தொடங்கி விட்டுவிட்டவை

தமிழில் உயர்கல்வி இயலாது என்பார்க்கு வரலாறு விடை சொல்லும். அமெரிக்காவில் பிறந்து 1847-இல் இலங்கைக்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். தம் மாணவர் தம் ஊர் மக்களிடையே இருந்து மருத்துவம் செய்தல் வேண்டும் என்று அவர் விரும்பினார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை, வேதியியல் ஆகிய துறைகளில் நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. ஆங்கிலம் தாய்மொழியாகிய ஒருவர் தமிழ் மாணவர்க்காகத் தம் நாவைத் தமிழுக்கு வளைத்தார். தமிழ் தாய்மொழியாகிய ஆசிரியரோ, தமிழ் மாணவர்முன் தம் நாவை ஆங்கிலத்திற்கு வளைத்து நகைப்பிற்கு ஆளாகின்றார்.

தமிழ்நாட்டிலும் தொடக்கம் இல்லாமற் போகவில்லை. 1960-இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்ப் பயிற்றுமொழி தொடங்கப் பெற்றது. 1968 சனவரி 23-ஆம் நாள் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழி முடிபில், ஐந்தாண்டுகளுக்குள் எல்லாக் கல்லூரிகளிலும் தமிழைப் பயிற்றுமொழி ஆக்குவதென்பதும் ஒன்று. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் வழியாகக் கல்லூரிப் பாடநூல்கள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. 2010-இல் தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் வந்தது. அவ்வாண்டே அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியல், எந்திரவியல் ஆகிய பொறியியல் துறைகளில் தமிழ்வழி வகுப்புகளைத் தொடங்கிற்று. 2023-இல் அதே பல்கலைக்கழகம் தன் உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழி வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. ஐந்தாண்டு என்றது ஐம்பதாண்டைக் கடந்துவிட்டது. மானிப்பாயில் ஒரு தனிமனிதர் செய்ததை ஓர் அரசு செய்து முடிக்கவில்லை.

கியூபெக்கு மாநிலத்துப் பிரெஞ்சு மக்கள் இலாம்பர்ட்டின் ஆய்விற்குப் பின் தம் பிள்ளைகளின் ஆங்கிலப் பலுக்கலைத் திருத்த முனையவில்லை. 1977-இல் பிரெஞ்சு மொழிச் சாசனத்தை இயற்றி, ஆட்சிக்கும் தொழிலுக்கும் கல்விக்கும் பிரெஞ்சையே உரிய மொழி ஆக்கினர். உள்ளத்தில் ஊறிய தாழ்வு ஒரே நாளில் அகலவில்லைதான். ஆயினும், மருந்து எங்கே இடப்பட வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நாவில் அன்று, நாட்டின் அமைப்பில்.

தமிழ்ப்பற்றாளர்க்கு ஒரு சொல்

தொடக்கத்திற் சொன்ன மூன்றாம் கூட்டத்தார்க்குத் திரும்புவோம். ஆசிரியரின் ஆங்கிலம் இடறும்போது மகிழும் தமிழ்ப்பற்றுடைய மாணவர், தாம் யாரோடு சேர்ந்து சிரிக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலப் பள்ளி மாணவனும் அவரைப் பார்த்தே சிரிக்கின்றான். தமிழ்ப் பற்றாளனும் அவரைப் பார்த்தே சிரிக்கின்றான். நடுவில் நிற்பவர் ஒரு தமிழர். ஏழை வீட்டிற் பிறந்து அறிவால் உயர்ந்தவர். தாமே தேர்ந்தெடுக்காத மொழியில் கற்பிக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டவர். எதிர்க்கப்பட வேண்டியது அக்கட்டாயமே, அவர் அல்லர்.

இன்னொன்றும் உண்டு. நெல்லைப் பேச்சைப் பார்த்துச் சென்னையான் சிரிப்பதும், கொங்குப் பேச்சைத் திரைப்படங்களில் நகைச்சுவைக்கு மட்டும் எடுத்தாள்வதும், ஈழத்தமிழரின் பேச்சை நடித்துக் காட்டுவதும் தமிழரிடையே இன்றும் நடப்பவை. ழகரம் வராத சிறுவனை வகுப்பின்முன் நிறுத்திப் பத்துமுறை சொல்லச் செய்து மற்றவரைச் சிரிக்கவிடும் தமிழாசிரியர்களும் உளர். ழகரத்தைக் கற்பிக்கத்தான் வேண்டும்; ஆனால் நகைப்பைக் கருவியாகக் கொண்டு கற்பித்தால் அச்சிறுவன் ழகரத்தைக் கற்குமுன் வாயை மூடக் கற்றுக்கொள்வான். ஆங்கிலப் பலுக்கலுக்காகத் தமிழரை இகழ்வது அடிமைத்தனம் என்றால், தமிழ்ப் பலுக்கலுக்காகத் தமிழரை இகழ்வதும் அதே நோயின் மற்றொரு கிளையே.

ஆகவே, செய்ய வேண்டுவன தெளிவு. கல்லூரி ஆசிரியர் பாடத்தை வெளிப்படையாகத் தமிழில் விளக்குதல் வேண்டும். தாழ்வாரத்துத் தமிழ் வகுப்பறைக்குள் தலைநிமிர்ந்து நுழைதல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கலைச்சொல்லைப் பலகையில் இரு மொழியிலும் எழுதிக் காட்டலாம். அதனால் ஒரு குறையும் இல்லை. பழைய பாடநூல்கள் பல இப்போது மின்வடிவில் கிடைக்கின்றன. அவற்றை அந்தந்தத் துறையினர் புதுக்குதல் வேண்டும். ஆங்கிலம் ஒரு மொழியாக, அதற்குரிய ஆசிரியரால், நன்கு கற்பிக்கப்படுதல் வேண்டும். அதனைத் தமிழர் எவரும் மறுத்தாரல்லர். ஆனால் வெப்பத்தையும் ஒளியையும் வேரையும் குருதியையும் கற்பதற்கு அது வாயிற்காவலனாக நிற்றல் கூடாது.

மாணவர் செய்ய வேண்டுவது ஒன்றே. அடுத்தமுறை வகுப்பில் அந்தச் சிரிப்பு எழும்போது ஒருவன், ஒருவனேனும், எழுந்து நின்று, "ஐயா, இதைத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்டல் வேண்டும். சிரித்தவன் வாய் அடங்கும், அஞ்சியவன் நிமிர்வான், ஆசிரியர் தம் குறிப்பேட்டை மூடிவைப்பார். அன்றுதான் அவ்வகுப்பறையில் கல்வி தொடங்கும்.